ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

மகன் வாங்கித் தந்த குட்டி ஸ்பீக்கர் ஜோடியின் படத்தைப் போட்ட நாளிலிருந்து ஒரே விசாரிப்பு. "சார், என்ன பிராண்ட்? என்ன விலை?" அதை விடுங்கள். எங்கே வைத்திருக்கிறேன் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ஒரு அடி உயரம் வரும் பெட்டிகள். 'புக்‌ஷெல்ஃப்' என்ற பெயரை நம்பிப் புத்தக அலமாரிக்குள் செருகிவிடாதீர்கள். தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும்; பின்னால் இருக்கும் சுவர் அதைத் திருப்பி அனுப்பும். மூலை என்றால் இரண்டு சுவர், இன்னும் மோசம். எங்கள் ஹால் 10க்கு 12 அடி. சுவரோடு ஒட்டி வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி தவில் மாதிரி வீங்கிக் கேட்கிறது. ஒன்றரை அடி முன்னால் இழுத்தால், ரவை பூசிய அந்தப் பக்கத்தின் 'கும்' தனியாக, வலந்தலையில் விரல் விழுவது தனியாக. காசு செலவில்லாத வித்தியாசம்!

இது என் காதுக்கு. என் மனைவி காதுக்குக் கணக்கு வேறு.

இரண்டு வருடமாக, "பாட்டு கேட்குது, வார்த்தைதான் விளங்கலை" என்பாள். அப்புறம் பாட்டு போட்டாலே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயதானால் முதலில் போவது உச்ச அதிர்வெண்கள். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் உயிர் அங்கேதான். சத்தத்தைக் கூட்டினால் ஆ, ஓ மட்டும் பெரிதாகும். போதாததற்கு மொசைக் தரை, வெறும் சுவர். எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் ஒலி வார்த்தையை மெழுகிவிடும்.

அதனால் அவள் நாற்காலியை எதிர்ச்சுவரிலிருந்து நகர்த்தி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டேன். 10 அடி தூரம் 5 அடியானது. தூரம் பாதியானால் நேராக வரும் ஒலியின் செறிவு 4 மடங்கு. ஒன்பதாம் வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டது நினைவிருக்கிறதா? சுவரில் பட்டு வருவது ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலும் 5 அடி, சமபக்க முக்கோணம். சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், அவள் காது உயரத்துக்கு வர இரண்டு ஸ்டூல். முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பல். தரையில் பழைய ஜமுக்காளம்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க மதுரை மணி ஐயர் காலத்து மோனோ பதிவு போதும். இரண்டு பெட்டியும் ஒரே ஒலியைத்தான் தரும். குரல் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்டியை ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள். "டிவி மேலயே உட்கார்ந்து பாடறாரே!" என்றாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இடையில் ஒரு வரியைத் தானும் முணுமுணுத்தாள்.

குறை இல்லாமல் இல்லை. 5 அங்குல ஸ்பீக்கரில் தவில் நெஞ்சில் இடிக்காது. கல்யாண மண்டபத்தில் வாங்கிய இடியே ஆயுளுக்குப் போதும் என்பதால் எனக்கு வருத்தமில்லை. நாதஸ்வரம் ஜோர்.

இதைக் காதுக்கு வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். பரிசோதனைக்கு அடுத்த வாரம் போகிறோம். கருவி வேண்டுமென்றால் வாங்குவோம். முன்பு பேச்செடுத்தாலே முறைப்பவள், இப்போது தானே தேதி கேட்டாள்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டூல் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் குறி போட்டிருக்கிறேன். காபி டம்ளர் வைக்க அதை இழுக்காதீர்கள்.