வந்தியத்தேவனின் குதிரையும் சயாம் ரயிலும்

வரலாற்றுப் புதினம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’தான். 2022-இலும் 2023-இலும் அது இரு பாகத் திரைப்படமாக வந்த பிறகு, தமிழ் நாவல் பக்கமே தலைவைத்துப் படுக்காத நண்பர்கள்கூட என்னிடம் வந்து, “ஐந்து பாகமாமே, படித்து முடிக்க முடியுமா?” என்று கேட்டார்கள். “தாராளமாக முடியும்” என்று அப்போது சொன்னேன். ஆனால் அத்தோடு இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாமல் விட்டதை இவ்வாண்டு மலரில் எழுதுகிறேன். நான் திறனாய்வாளர் அல்லள். கதை படிக்கப் பிடித்த ஒரு மாணவியின் சொந்தக் கருத்துகளாகவே இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பயின்ற தமிழ்ப்பள்ளியில் நூலகம் என்பது இரண்டு கண்ணாடி அலமாரிகள். ஐந்தாம் ஆண்டில் அங்கேதான் ‘பொன்னியின் செல்வன்’ என் கைக்குக் கிடைத்தது. புது வெள்ளம், சுழற்காற்று, மணிமகுடம், தியாகச் சிகரம் ஆகிய நான்கு பாகங்கள் இருந்தன. மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ மட்டும் இல்லை. யாரோ எடுத்துச் சென்று திருப்பித் தரவில்லை. இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினேன். நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதை நானே கற்பனை செய்துகொண்டேன். மூன்றாம் படிவத்தில் ஜொகூர் பாருவில் அந்தப் பாகத்தை வாங்கிப் படித்தபோது, என் கற்பனையில் பாதிக்கு மேல் தவறு என்று தெரிந்தது. ஆனாலும் அந்தப் பிழையான கதைமேல் எனக்கு இன்றும் ஒரு பாசம் உண்டு.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். புதுமுக வகுப்பில் நுழைந்த நாளிலிருந்து பாடமெல்லாம் மலாயில். தமிழ் வகுப்பு பள்ளி முடிந்தபின் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே. பேருந்தைத் தவறவிடுவோமே என்று பலர் அதற்கும் நிற்பதில்லை. அந்த ஆறு ஆண்டுகளில் என் தமிழ் துருப்பிடிக்காமல் இருந்தது என்றால் அதற்குக் கல்கிதான் காரணம். ஆகவே அவரைப் பற்றி நான் சொல்லும் குறையை நன்றி மறந்தவள் பேச்சாக நினைக்க வேண்டாம்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த கதை அது. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு நாமும் புறப்பட்டுவிடுகிறோம். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவும் அடுத்த அத்தியாயத்திற்கு இழுக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற இடத்தில் கல்கி காட்டும் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். உடையார்குடிக் கல்வெட்டு அக்கொலையில் தொடர்புடையவர்களின் சொத்து பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஆனால் அந்த இரவில் நடந்தது என்ன என்று சொல்லவில்லை. கல்கியும் அதை முழுதாக அவிழ்க்காமலே விட்டுவிடுகிறார். வரலாறு வாய்மூடும் இடத்தில் கதாசிரியர் பேசலாம்; ஆனால் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடக் கூடாது என்பதை அவரிடம்தான் கற்றேன்.

என் குறை வேறு. அவ்வளவு பெரிய கதையில் சாதாரண மக்கள், அரச குடும்பத்துக்குத் தேவைப்படும்போது மட்டுமே வருகிறார்கள். படகோட்டும் பூங்குழலி இளவரசரைக் காப்பாற்றவே கடலில் இருக்கிறாள். வயலில் நின்றவன், வரி கட்டியவன், போருக்குப் போய்த் திரும்பாதவன் ஆகியோரின் வீடுகளுக்குள் கதை போவதில்லை. இது கல்கியிடம் மட்டும் உள்ள குறையன்று. சரித்திர நாவல் என்ற வகைக்கே நாம் போட்டுவைத்திருக்கும் எல்லை அது.

சாண்டில்யனின் ‘கடல் புறா’வை அடுத்துப் படித்தேன். கடாரமும் ஸ்ரீவிஜயமும் வருகின்றன என்று கேள்விப்பட்டதும் தூக்கம் வரவில்லை. நம் நாடு தமிழ்க் கதையில் வருகிறதே! அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ அந்தக் கடாரத்தை வென்ற இராசேந்திரனின் கதை. 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1025-இல் சோழக் கப்பற்படை இப்பக்கம் வந்ததை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஊர் ஊராக அடுக்குகிறது. படிக்கையில் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

நான்காம் படிவத்தில் அந்த நிமிர்வு கொஞ்சம் தளர்ந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி, மலாய்க்காரி, ‘செஜாரா மெலாயு’வில் வரும் ஒரு கதையைச் சொன்னாள். 1612-இல் ஜொகூரின் பெண்டஹாராவாக இருந்த துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு அறியப்படும் நூல் அது. அதில் ராஜா சூரான் என்ற மன்னன் இந்திய நாட்டிலிருந்து பெரும்படையோடு வருகிறான். கங்கா நகரத்தை அழிக்கிறான். பிறகு ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை கொண்ட கங்காயு என்ற நகரை வெல்கிறான். சோழர் படையெடுப்பின் நினைவே இக்கதையில் கலந்திருக்கிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2005-இல் கோத்தா திங்கிப் பக்கத்துக் காட்டில் அந்த ‘கோத்தா கெலாங்கி’ இருக்கக்கூடும் என்று நாளேடுகள் பரபரப்பாக எழுதின. அரசு அனுப்பிய குழு தேடிப் பார்த்து, தடயம் இல்லை என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது.

கோட்டை கிடைக்காவிட்டால் போகட்டும். எனக்கு அதில் கிடைத்தது வேறொன்று. நாங்கள் ‘வென்றோம்’ என்று படித்த கதையை அவள் ‘வந்து அழித்தார்கள்’ என்று படித்திருக்கிறாள். கதை ஒன்றுதான். நாங்கள் நின்று பார்த்த கரைதான் வேறு. நானோ அவள் கரையில் பிறந்து வளர்ந்தவள். கப்பலில் வந்தவனின் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பின் எந்தச் சரித்திர நாவலைப் படித்தாலும், மறுகரையில் இருந்தவர்கள் இதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இனி என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிக்கத் தெரியாது. கதை கேட்பதில் ஆசை அதிகம். பள்ளி விடுமுறைகளில் அவருக்கு வந்தியத்தேவன் கதையைப் படித்துக் காட்டுவேன். நந்தினி வந்தால் போதும், “இவளை நம்பாதே பாப்பா” என்பார். பல்கலைக்கழகத்தின் முதலாண்டு விடுமுறையில், நம் நூலகத்தில் இரவல் பெற்ற ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை அப்படியே படிக்கத் தொடங்கினேன். 1993-இல் வந்த நூல். ஜப்பானியர் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களின் கதை.

வழக்கமாக நடுவில் பேசுபவர் அன்று பேசவில்லை. ஓர் அத்தியாயம் முடிந்ததும் கேட்டார்: “இந்தப் பொஸ்தகத்துல திரும்பி வர்றாங்களா?”

“சில பேர் வர்றாங்க பாட்டி.”

“எங்கப்பா வரலை.”

அதுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு அப்போது ஐந்து வயது. 1943. லாரியில் ஏற்றிப் போனார்களாம். அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்துத் துணியில் கட்டிக் கொடுத்தாராம். அப்பாவின் முகம் நினைவில்லை. அந்தத் துணியின் நிறம் மட்டும் நினைவிருக்கிறது என்றார். நீலம். பதினெட்டு ஆண்டுகள் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். கடம்பூர் மாளிகையில் யார் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் கொள்ளுத்தாத்தா எங்கே போனார் என்று தெரியவில்லை. அன்றிரவு எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பின் தேடிப் படித்தேன். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 2 இலட்சம் பேர் என்றும், மாண்டவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்றும் மதிப்பிடுகின்றனர். மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொன்றன. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் படையினரின் கல்லறைகள் 7,000 அளவில் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. நம்மவர்களுக்கு ‘மதிப்பிடுகின்றனர்’ என்ற சொல்தான். அவர்கள் நினைவாக அங்கே தமிழில் ஒரு நடுகல் எழுந்ததே 2023-இல்தான். 80 ஆண்டுகள் ஆயின.

இந்த இடைவெளியில் அவர்களை நினைவில் வைத்திருந்தவர்களுள் நம் எழுத்தாளர்களும் அடங்குவர். சண்முகத்துக்குப் பின் அ. ரெங்கசாமி 2005-இல் ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். அவருடைய ‘லங்காட் நதிக்கரை’யும் ‘இமயத் தியாக’மும் அதே கொடிய காலத்தைச் சேர்ந்தவை. தமிழகத்தவரானாலும் இந்தோனேசியாவில் வாழ்ந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யையும் இவ்வரிசையில் வைப்பேன். கல்கியின் கதைப்பின்னலை இவற்றில் எதிர்பார்க்க முடியாது. சில இடங்களில் நடை தட்டுகிறது. தகவல்கள் அடுக்கடுக்காக வந்து கதையை நிறுத்துகின்றன. ஆனால் சோழ நாட்டுக் கதையை மூடி வைத்தால் நான் என் அறைக்குத் திரும்பிவிடுவேன். இவற்றை மூடினால் பாட்டியிடம் போய்க் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

அரசர் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ இல்லாவிட்டால் ‘சயாம் மரண ரயி’லைப் படிக்கும் தமிழ் எனக்கு இருந்திருக்காது. குதிரையில் ஏறித்தான் ரயிலடிக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் குதிரையிலேயே சுற்றிக்கொண்டிருப்பது போதாது என்பதே என் கருத்து. அன்று நண்பர்களிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: ஐந்து பாகத்தையும் படியுங்கள், ஆறாவதாக நம் நாட்டு நாவல் ஒன்றையும் எடுங்கள். நம் பல்கலைக்கழக நூலகத்தில் நான் எடுத்த அந்தப் படியின் பின்தாளில், எனக்கு முன் இரவல் பெற்ற தேதிகள் மூன்றே மூன்று இருந்தன.

பாட்டி சென்ற ஆண்டு காலமானார். நாவலின் கடைசிப் பக்கம் வரை கேட்டுவிட்டுத்தான் போனார். அவர் அப்பாவின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், லாரி வந்த மாதம் மழைக்காலம் என்பதையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கப்பலேறி வந்த ஊரின் பெயரைக் கேட்க நினைத்திருந்தேன். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப் போட்டேன். உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இம்மலரை மூடிவைத்துவிட்டு இன்றே கேளுங்கள்.