நடத்தை: நன்று

மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘நன்று’ என்று நான் எழுதியதற்குக் கணக்கே கிடையாது. ஒரே ஒரு முறை எழுதியது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பிளஸ் ஒன் படித்த பெண். கூடப் படித்த பையனை நம்பித் தன் அந்தரங்கப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். இருவருக்கும் மனத்தாங்கல் வந்ததும் அவன் அதை நண்பர்களுக்குத் தள்ளிவிட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பியது, திங்கட்கிழமை பிரேயர் முடிவதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றிவிட்டது.

தலைமையாசிரியர் நான்தான். விசாரிக்க உட்கார்ந்தோம். முதல் கேள்வி, “ஏம்மா அனுப்பின?” இரண்டாவது கேள்வியும் அதுதான். பையனையும் சும்மா விடவில்லை. இரண்டு அடி போட்டு (அதுவே சட்டப்படி தப்பு), ஒரு வாரம் வெளியே நிறுத்தினோம். எட்டாம் நாள் வகுப்புக்கு வந்துவிட்டான். அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு, வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள், உங்கள் பெண்ணின் நல்லதுக்குத்தான் என்றோம். மண்டியில் மூட்டை தூக்குகிறவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “சார், டி.சி.யில காரணம் எதுவும் எழுதிடாதீங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. நடத்தை நன்று என்றே போட்டேன். ஏதோ பெரிய தயவு செய்துவிட்ட நினைப்பில் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

இதைவிடக் கூச்சம் தருவது ஒன்று உண்டு. விசாரணைக்கு ஆதாரம் வேண்டும் என்று அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னவனே நான்தான். பி.டி. வாத்தியார் அனுப்பினார். அவருக்கு வேறொருவர் அனுப்பியிருந்தார். பரப்பினான் என்று பையனை அடித்த நாங்கள், ஆசிரியர் அறையில் உட்கார்ந்தபடி அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். 2004-இல் டெல்லியில் பள்ளி மாணவர் இருவரின் செல்போன் காட்சி ஓர் ஏல இணையதளத்தில் விலைக்கே வந்தது. அந்தத் தளத்தின் தலைவர் கைதானார். நாடே பேசிய வழக்கு அது. 2008-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தியபோது 67பி என்ற பிரிவு சேர்ந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் இத்தகைய படத்தை அனுப்பினால், முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். 2012-இன் போக்சோ சட்டத்தில் 19-ஆம் பிரிவு, குற்றம் தெரிய வந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. ‘பள்ளி பேரு கெட்டுடும்’ என்று நாங்கள் மூடி வைத்தோமே, அதற்கான பிரிவு அது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, குழந்தைகளின் இத்தகைய படங்களை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது எப்போது குற்றமாகும் என்று விரிவாகவே சொல்லிவிட்டது.

சட்டத்தின் மேல் எனக்கும் குறை உண்டு. தன் படத்தைத் தானே எடுத்து அனுப்பிய சிறுமிக்கென்று 67பி-யில் தனி விலக்கு இல்லை. எழுத்துக்கு எழுத்து படித்தால் அவளும் அதற்குள் அகப்படுவாள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-லேயே இதற்கு விலக்குகள் எழுதிவிட்டது. நம் ஊரில் பதினெட்டுக்குட்பட்டவர் தவறு செய்தால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், சீர்திருத்தமே நோக்கம் என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் காவல் நிலையப் படி ஏறத் தயங்குவதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன மாதம் ஒரு பழைய மாணவி கூப்பிட்டாள். இப்போது பக்கத்து ஊரில் டீச்சர். “சார், ஒன்பதாம் வகுப்புப் புள்ள ஒண்ணு அழுதுக்கிட்டு நிக்குது. எவனோ படத்தைப் போட்டுட்டானாம். உங்களுக்கு அனுப்பட்டுமா, பாத்துட்டுச் சொல்றீங்களா?”

“அனுப்பாதம்மா. நீயும் வாங்கிப் பாக்காத. போன் அந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும். யார் போட்டா, எதுல போட்டா, எப்போ போட்டா, அத மட்டும் பேப்பர்ல எழுதிக்க.” 1098-க்குப் பேசச் சொன்னேன். எச்.எம். வேண்டாம் என்றாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், அது அவர் விருப்பம் இல்லை என்றேன். ‘டேக் இட் டவுன்’ என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, அதன் எண் அடையாளத்தை மட்டும் போனே உருவாக்கி அனுப்பும், இன்ஸ்டாகிராம் மாதிரித் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அது பிடிக்காது என்பதையும் சொல்லிவைத்தேன்.

எல்லாம் குறித்துக்கொண்டு, “அவகிட்ட முதல்ல என்ன சார் கேக்கறது?” என்றாள்.

“சாப்பிட்டியான்னு கேளு.”

அந்தப் பக்கம் மெல்லிய குரலில் என்னமோ பேசுவது கேட்டது. “நேத்து ராத்திரியிலேர்ந்து இல்லையாம், சார்.”