சரிங்க சார்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக, போன வருடம் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய்வந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆம்பூர் என்றதும் "பிரியாணி சாப்பிட்டியா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: சாப்பிட்டேன், அருமை. இனி விஷயத்துக்கு வருவோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களுக்கெல்லாம் தோல்தான் சோறு. 1970களில் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. தோலாக விற்ற ஊர், மெல்ல மெல்ல ஷூவாக விற்க ஆரம்பித்தது.

நான் போன கம்பெனி மூன்றே வருடத்தில் இரண்டு லைனிலிருந்து ஆறு லைன் ஆகியிருந்தது. காரணம் எம்.டி. ஒருவர்தான். தோலைக் கட்டைவிரலால் தடவியே எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று சொல்லிவிடுவார். ஒரு மாதம்கூட சம்பளம் தள்ளிப்போனதில்லை. ஆனால் அவர் கார் ஹாரன் கேட்டால் கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை பேச்சு நின்றுவிடும். அவர் முன்னால் செல்லுபடியாகிற வாக்கியம் ஒன்றே ஒன்று: "சரிங்க சார்." "முடியாது" என்று சொன்ன ஒரு மேனேஜர் மேல் சாம்பிள் ஷூவை விட்டெறிந்தார் என்று ஒரு கதை உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் எல்லாரையும் பயமுறுத்த அந்தக் கதையே போதும்.

எனக்கு பேக்கிங்கில் வேலை. ஷூவின் ஈரப்பதத்தை மீட்டரில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் மூடி அனுப்பினால், கப்பலில் வாரக்கணக்கில் கிடக்கும்போது பூஞ்சை பிடித்துவிடும். அப்போது நல்ல மழை. ஒரு ஜெர்மனி ஆர்டரில், பையர் சொன்ன எல்லையைத் தாண்டி ஈரம் காட்டியது. சூப்பர்வைசர் அண்ணனிடம் காட்டினேன்.

"ரெண்டு நாள் காயணும் தம்பி" என்றார். அப்புறம் காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போகணும் என்று எம்.டி. சொல்லியாயிற்று.

அண்ணன் மேனேஜரிடம் "ஈரம் ஜாஸ்தி" என்றார். மேனேஜர் ஜி.எம்.மிடம் "லேசா ஈரம் இருக்கு" என்றார். ஜி.எம். எம்.டி.யிடம் "எல்லாம் ரெடி சார்" என்றார். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஈரம் தானாகக் காய்ந்துகொண்டே போனது :-)

ஜனவரியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கப் போனேன். அன்றைக்குப் பார்த்து, ஜெர்மனியிலிருந்து பூஞ்சை பிடித்த ஷூக்களின் போட்டோ வந்திருந்தது. "ஏன்யா, ஒருத்தன்கூடவா சொல்லல?" என்று எம்.டி. கத்தினார். அந்தக் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை!

யாரும் பேசவில்லை. கடைசியில் அண்ணன்தான், "நான் சரியா பாக்கல சார்" என்றார். நான் எழுதிய எண்கள் பேக்கிங் மேஜை டிராயரிலேயே இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டில் இன்னும் கையெழுத்து வாங்கவில்லையே. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அண்ணனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கையெழுத்து கிடைத்தது.

கம்பெனிக்குள் சொல்ல முடியாததை வெளியில் இருப்பவர்கள் சொல்லவேண்டி வந்த கதை இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு. தண்ணீர் நிறம் மாறியது அங்கே வேலை பார்த்தவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும்தானே? அவர்களும் முதலாளியிடம் "சரிங்க" என்றுதான் சொல்லியிருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

எம்.டி.யை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் பயமுறுத்தினார், உண்மைதான். ஆனால் அன்று என் வாயை மூடியது அவரில்லை, நான்தான்.

அண்ணன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாராம். நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?