வந்த காரணம்: தலைவலி

எங்க காலேஜ்ல கவுன்சிலர் ரூம் எங்க தெரியுமா?
ஹெச்ஓடி ரூமுக்கு நேர் எதிர்ல.
வாசல்ல ரெஜிஸ்டர் வேற. பேரு, ரோல் நம்பர், 'வந்த காரணம்'.
அதை ஒரு கட்டத்துக்குள்ள எழுதத் தெரிஞ்சா நான் ஏன் வரப்போறேன்?

'தலைவலி'ன்னு எழுதிட்டு உள்ள போனேன்.
மேடம் அட்வைஸே பண்ணல. "தூக்கம் எப்படிப்பா?"ன்னாங்க, அவ்ளோதான்.
அரியர் பத்திப் பேசப் போனவன், முக்கால் மணி நேரம் அப்பாவைப் பத்தியே பேசிட்டு வந்திருக்கேன்!

2017 மனநலச் சட்டம், சிகிச்சை விவரம் ரகசியமா இருக்கணும்னுதான் சொல்லுது. ரெஜிஸ்டருக்கு யாரும் சொல்லல போல.
(ராத்திரி தாங்கலன்னா 14416, டெலி மானஸ். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.)

வெளிய வந்தா நம்ம க்ளாஸ் பையன் நிக்கிறான்.
"என்னடா?"ன்னா, "தலைவலி மச்சான்"ங்கறான்.

அடுத்த வாட்டி சேர்ந்தே போலாமா, இல்ல பாக்காத மாதிரியே இருந்துடவா?