ஓதம்: கொத்தமங்கலத்திலிருந்து ஒரு மழைக்கால நாட்குறிப்பு

ஆடி, முதல் வாரம்

குளிர் வானிலையால் வருவது. சுவரில் ஏறித் தங்கிவிடும் ஈரமாகிய ஓதமோ பெரும்பாலும் கட்டடத்தால் வருவது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால்தான் வெப்பநிலத்திலிருந்து குளிர்நிலத்துக்குக் குடிபெயர்ந்தோரின் வீட்டு வாழ்க்கையைச் சரியாக விளங்கிக்கொள்ள இயலும். காரைக்குடி வட்டாரத்தில் பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்களை அடுத்துள்ள கொத்தமங்கலத்தில் ஆடிக்காற்று செம்மண் புழுதியை வாரியிறைக்கும் இதே நாட்களில், கடலுக்கு அப்பால் இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை ஓயாமல் பெய்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மி.மீ. மழை பெறுவதும், அதிலும் பெரும்பங்கை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெற்றுவிடுவதுமான இவ்வறண்ட சீமையிலிருந்து, 5,000 மி.மீ.க்கு மேல் மழை காணும் வட்டவளை போன்ற தேயிலைப் பகுதிகளுக்கும், 1,868 மீட்டர் உயரத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவிலேயே நிற்கும் நுவரெலியாவுக்கும் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தனர் என்பதே இக்குறிப்புகளின் தொடக்கப் புள்ளி.

ஆடி, பதினெட்டாம் பெருக்குக்குப் பின்

இப்பகுதியிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் இரு வகையினர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதலுடன் போய்க் கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடை நடத்தினர். நிலமற்ற உழவுத் தொழிலாளரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் உழைப்பை மட்டுமே கொண்டு மலையேறினர். 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் படிப்படியாக அழிய, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலைப் பயிர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் பெயர்வை இன்னும் விரைவுபடுத்தியது. 1985இல் சிவகங்கை தனி மாவட்டமாகும்வரை இவ்வட்டாரத்தையும் உள்ளடக்கியிருந்த ராமநாதபுரம், ஆள்பிடித்த பகுதிகளுள் முதன்மையான ஒன்று. ஊரில் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, தோட்டத்தில் அவர்களை மேற்பார்க்கவும் செய்த தலைவரே கங்காணி எனப்பட்டார்.

செட்டியார்களின் அயலூர் உறைவிடமும் நெருக்கமானதே. கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடையின் முகவரும் தமக்குரிய பெட்டியையும் கணக்குமேசையையும் வைத்துக்கொண்டு, இரவில் அவ்விடத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். எனினும் கணக்குக் காலம் முடிந்ததும் அவர் திரும்புவதற்குச் செட்டிநாட்டில் ஒரு வீடு இருந்தது. மலையேறிய தொழிலாளிக்கோ தோட்டத்தார் கொடுத்த அறையே வீடாயிற்று.

ஆவணி

மலையில் வந்த மாற்றத்தை அளக்க, விட்டுவந்த வீட்டை முதலில் அறிய வேண்டும். உழவுத் தொழிலாளியின் குடிசை மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்டது. தானியமும் பாத்திரமும் வைக்கவும் மழைக்கு ஒதுங்கவும் மட்டுமே அது பயன்பட்டது. சமைப்பது, உண்பது, பேசுவது, உறங்குவது எல்லாம் ஆண்டின் பெரும்பகுதியில் திண்ணையிலும் வாசலிலும் மரத்தடியிலும் நிகழ்ந்தன. வெயில் துணியை உலர்த்தியது, காற்று புகையைக் கொண்டுபோயிற்று. வீடு செய்யவேண்டிய வேலையில் பாதியைத் திறந்த வெளியே செய்துவிட்டது.

செட்டியார் வீடோ அந்த வெளியைத் தனக்குள் அழைத்துக்கொண்டது. தெருமட்டத்துக்கு மேல் உயர்த்திய தளமும், முகப்பும், வளவு எனப்படும் திறந்த முற்றம் சூழ்ந்த நடுக்கட்டும், அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் ஒரே நேர்கோட்டில் அமைவதால், தலைவாசலில் நுழையும் காற்று பின்கட்டுவரை ஓடுகிறது. கூரைநீர் முற்றத்தில் இறங்கி வடிகால் வழியே வெளியேறுகிறது. கொத்தமங்கலத்தில் இத்தகைய வீடுகள் இன்றும் நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ 2014இல் உலக மரபுச்சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. குடிசையும் மாளிகையும் செல்வத்தால் எட்டாத தொலைவில் இருந்தாலும் காற்றைத் தடுக்காமை என்ற ஒன்றில் ஒத்திருந்தன.

புரட்டாசி

லயம் என்று மலையகத் தமிழர் சொல்லும் தோட்டக் குடியிருப்பு, ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடுக்கிய அறைகளின் தொடர். ஓர் அறையைக் காம்பரா என்பர்; அதன் அளவு ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி; அதன் முன்னுள்ள ஒடுங்கிய தாழ்வாரம் இஸ்தோப்பு. ஒற்றை வரிசையான லயத்தில் பின்சுவர் ஒன்றாவது வெளியைப் பார்த்தது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் அதுவும் அடைபட்டு, ஓரத்தில் அமைந்த தொங்கல் காம்பரா தவிர மற்றவற்றிற்கு முன்கதவே ஒரே திறப்பாயிற்று. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய இடங்களில் மேட்டிலிருந்து கசியும் நீர் சுவரடியில் தேங்கியது. கல்லிலும் மண்சாந்திலும் உள்ள நுண்துளைகள் அந்நீரை மேல்நோக்கி உறிஞ்சின. தரை சாணம் மெழுகிய மண், கூரை தகரம்.

இவ்வடிவம் குறைந்த செலவில் மிகுந்த ஆட்களைத் தங்கவைக்கவும், விடியற்காலையில் அனைவரையும் ஒருசேரப் பிரட்டுக்களத்துக்கு, அதாவது பேர் எடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, வரவழைக்கவும் ஏற்றதாக இருந்தது. மலைக்குளிரை அறியாதவர் கட்டியது என்று இதற்குக் காரணம் கூற இயலாது. ஏனெனில் அதே தோட்டத்தில், அதே குளிரில், துரையின் பங்களாவுக்குக் கணப்படுப்பும் புகைபோக்கியும் கண்ணாடிச் சாளரங்களும் இருந்தன.

ஐப்பசி, அடைமழை

கொத்தமங்கலத்தில் மழை பிடித்துக்கொண்டுள்ள இந்நாட்களில் ஓதத்தின் இயற்பியலைச் சுருக்கமாகக் குறிப்பது தகும். 30 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே தாங்கும். அடுப்பு எரிந்து, பலர் மூச்சுவிடும் அறையின் இளஞ்சூடான காற்று குளிர்ந்த சுவரையோ தகரத்தையோ தொடும்போது, தாங்க இயலாத மிகுதி நீராகப் படிகிறது. அப்படிப் படியத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. தகரக் கூரையின் உட்புறத்தில் வேர்த்து, விடியுமுன் படுக்கையின்மேல் சொட்டும் நீருக்கு மேலே ஓட்டை இருக்கவேண்டுவதில்லை. சுவர்ப்பரப்பின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கிறது.

இவ்வூரின் பழைய சுண்ணாம்புப் பூச்சு நீராவியை உள்வாங்கிப் பின்னர் வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரிக்கிறது. உரிமையாளர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழ்வதால் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கும் வீடுகளில், பெயர்ந்த ஒரு நாட்டு ஓட்டின் வழியே இறங்கும் நீர் பர்மாத் தேக்கு உத்தரத்தை உளுக்கச் செய்கிறது. ஆட்கள் மிகுந்த லயமும் ஆளே இல்லாத வளவும் ஒரே நோயால் நலிவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் வீட்டைத் திருத்தும் அதிகாரமுடையவர் அதில் வாழவில்லை என்னும் காரணம் இரண்டுக்கும் பொது.

கார்த்திகை

திருத்தும் அதிகாரம் இல்லாதபோது மக்கள் வீட்டை மாற்றாமல் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டனர். வாசலில் எரிந்த அடுப்பு இஸ்தோப்புக்கும் அறைக்குள்ளும் வந்தது. அதன் மேலே கட்டிய கயிற்றில் ஈர உடை உலர்ந்தது. உலராத விறகையும் அதே அடுப்பே காயவைத்தது. சாக்கை விரித்து அதன்மேல் பாய் போட்டனர். சுவரில் பழைய தாள்களை ஒட்டினர். வேலைக்குப் போகையில் தலைமேல் கம்பளியும் இடுப்பில் படங்கு என்னும் முரட்டுச் சாக்கும் சுற்றிக்கொண்டனர். அந்தக் கம்பளியின் விலையும் பெரும்பாலும் தொழிலாளியின் கடன்கணக்கிலேயே ஏறியது. காலையில் கோதுமைமா ரொட்டியும் சாயத்தண்ணி எனப்படும் பாலில்லாத் தேநீரும், சளி பிடித்தால் கொத்தமல்லியும் இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சிய நீரும் வழக்கமாயின.

இவற்றை மக்களின் திறமையாகப் போற்றுவதோடு நிறுத்துவது பாதி உண்மையே. புகைபோக்கியற்ற அறையில் எரிந்த அடுப்பு ஈரத்தைக் குறைத்தாலும் பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் கெடுத்தது. காற்றுக்காகக் கதவைத் திறந்தால் வெப்பம் போயிற்று, வெப்பத்துக்காக மூடினால் புகை நின்றது. நுரையீரல் அழற்சி தோட்டங்களின் பெருநோய்களுள் ஒன்றானது. லயத்தைச் சூழ்ந்த ஈரமண்ணில் கழிப்பிட வசதியின்மையால் கொக்கிப்புழு பெருகி, வெறுங்கால் வழியே உடலுக்குள் புகுந்து இரத்தசோகையை விளைவித்தது; அதை ஒழிக்க ராக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரக் குழு 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் இயக்கம் தொடங்கியது. மருந்து புழுவை நீக்கினாலும் வடிகாலும் கழிப்பறையும் வராத இடங்களில் அது மீண்டும் பற்றியது.

மார்கழி

பனி விழும் இம்மாதத்தில் இங்கிலாந்தில் குடியேறிய தமிழர் வீடுகளிலும் அதே இயற்பியல் வேறு தோற்றத்தில் செயற்படுகிறது. சோறு வடிப்பது, குழம்பைக் கொதிக்கவிடுவது, வெளியே காயாத துணியை அறைக்குள் உலர்த்துவது, எரிபொருள் செலவுக்கு அஞ்சிச் சூடேற்றியை அணைப்பது, குளிர் புகாதிருக்கச் சாளரத்தை அடைப்பது ஆகிய அனைத்தும் சேர்ந்து, காப்பற்ற வெளிச்சுவரின் மூலையில் கருமையாகப் படிகின்றன. வீட்டின் உள்வெப்பம் 18 பாகைக்குக் குறையலாகாது என்பது குளிர்நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரை.

இச்சூழலில் குற்றம் யார்மேல் சுமத்தப்படுகிறது என்பது கவனத்துக்குரியது. ராச்டேல் நகரில், சூடானிலிருந்து வந்த பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வாடகை வீட்டின் பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்ததால் வந்த மூச்சுநோயே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். குடும்பத்தின் சமையலும் குளியலுமே ஈரத்தை உண்டாக்கின என்று அதற்கு முன்னர்ப் பழி கூறப்பட்டிருந்தது. அக்குழந்தையின் பெயரால் வழங்கும் அவாப் சட்டம், 2023ஆம் ஆண்டுச் சமூக வீட்டுவசதிச் சட்டத்தின் ஒரு பகுதியாக நிறைவேறி, 2025 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான ஓதத்தைக் குறித்த காலத்துக்குள் ஆராய்ந்து சரிசெய்யும் கடமையை அது சமூக வீட்டு உரிமையாளர்மேல் வைக்கிறது. குடியிருப்பவரின் பழக்கத்திலிருந்து உரிமையாளரின் பொறுப்புக்குப் பார்வை நகர்வதற்கு ஓர் உயிர் போகவேண்டியிருந்தது.

தை

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவும் வகைசெய்தது; எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சமமாகப் பிரித்துக்கொண்டன. மண்டபம் முகாமுக்கு வந்திறங்கியோருள் பலர் அதற்குமுன் தமிழ்நாட்டைப் பார்த்தே இராதவர்கள். பாட்டன் விட்டுப்போன வெயில் அவர்களுக்கு அயலானது. மலையில் பிறந்த உடலுக்கு ராமநாதபுரத்துக் கோடையே புதிய நாடாயிற்று.

அதனால், தெரிந்த தொழிலையும் பழகிய குளிரையும் தேடிப் பலர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினர். 1968இல் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976 முதல் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்கலாயிற்று. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் அத்தொழிலாளர்க்குக் கிடைத்ததும் வேலையோடு பிணைந்த வீடே. ஓய்வு பெற்றால் அதைக் காலிசெய்ய வேண்டும் என்ற நிலையில், கைக்காசைப் போட்டுச் சுவரைச் சீர்செய்ய யாருக்கும் துணிவு வருவதில்லை.

மாசி

வெயில் ஏறத் தொடங்கியதும் கொத்தமங்கலத்தில் ஓடு மாற்றுதலும் சுண்ணாம்புப் பூச்சும் நடைபெறும் பருவம் வருகிறது. உரிமையாளர் நேரில் வந்து பார்க்கும் வீடுகளில் அவை நடக்கின்றன. மலையகத்தில் இதற்கு இணையான மாற்றம் பிந்தியே வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தின்கீழ் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 தனிவீடுகள் திட்டமிடப்பட்டன; மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்குரிய நிலம் ஏழு பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் நாற்புறமும் காற்றுப் படும் வீடும் தனிச் சமையலறையும் அமைகின்றன. எனினும் 2023இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டபோதும் லயங்கள் மறையவில்லை.

இம்மழைக்காலக் குறிப்புகள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில், புதிய நாட்டின் குளிருக்கு மக்கள் இசைந்துகொள்வது உடலின் பழக்கத்தைவிட வீட்டின்மீதுள்ள உரிமையையே பெரிதும் சார்ந்திருப்பது தெளிவாகிறது. கம்பளியும் கணப்பும் ஒரு தலைமுறையைக் காப்பாற்றலாம். பின்சுவரில் ஒரு சாளரம் வெட்டவும், மேட்டுநீரைத் திருப்பும் வாய்க்கால் தோண்டவும், புகைபோக்கி எழுப்பவும் யாருடைய அனுமதியும் தேவைப்படாத நிலையே அடுத்த தலைமுறையின் நுரையீரலைக் காக்கும். ஆதலின் மலையக வீடமைப்பில் செங்கல்லையும் கூரையையும் கணக்கிடுவதற்கு முன் காணிப்பத்திரம் எத்தனை குடும்பங்களின் கையில் சேர்ந்தது என்பதையே முதற்கணக்காகக் கேட்கவேண்டும்.