அப்பாவின் கண்ணுக்கு ஊசி

போன வருசம் ஒரு காலமை அப்பாவுக்கு வலது கண் மங்கிப் போச்சு. நோவில்லை, சிவப்பில்லை. கதவு நிலை வளைஞ்சு தெரியுது எண்டார். விழித்திரையில் ஒரு நாளம் அடைபட்டு, பார்வையின் நடுவிடம் நீர் கோர்த்து வீங்கியிருந்தது. காரணம் பழைய பிரஷர்.

கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். பெவசிசுமாப். கண்ணுக்கென்று செய்த மருந்தில்லை. 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. இரத்தக்குழாய்களைக் கசிய வைக்கிற புரதத்தை அது மறிக்கும்.

மூன்றாவது ஊசியோடு பேப்பர் வாசிக்கத் தொடங்கினார். "இனிக் காணும்" எண்டார். காணாது. ஊசி வீக்கத்தைத்தான் வத்தப் பண்ணும், அதுவும் சில வாரங்களுக்கு. அடைப்பை எடுக்காது. நல்லாத் தெரியிற ஆளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது பெரும்பாடு.

இடது கண்ணுக்காக, அவரின்ர பிரஷர் குளிசைகளை இப்ப நான்தான் எண்ணி வைக்கிறன்.