எங்கள் வகுப்பறை மீன்தொட்டியும் நாங்கள் விட்ட பிழையும்



வகுப்பறை மீன்தொட்டியின் படத்தைப் போட்ட நாளிலிருந்து, "எப்படிச் செய்தீங்க சேர், எழுதுங்களேன்" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். படத்திலுள்ள தொட்டி அழகுதான். ஆனால் அதற்கு முன்பு இருந்த தொட்டியில் நாலு மீன்களை நாங்கள் சாகக் கொடுத்தோம். அதையும் சொன்னால்தான் இந்தக் கதை நேர்மையானதாக இருக்கும். நாங்கள் என்றால் தரம் 8 பிள்ளைகளும் அவர்களின் விஞ்ஞான ஆசிரியரும்.

முதலில் வாங்கியது இரண்டடித் தொட்டி. 56 லீற்றர் தண்ணீர்தான் பிடிக்கும். அதில் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட ஐந்து ஆபிரிக்கச் சிக்லிட் மீன்களை விட்டோம். ஒரேட்டஸ் என்ற இனம். அடியில் கொஞ்சம் மணல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை. அவ்வளவுதான்.

சில வாரங்களில் அதில் ஒன்று கறுக்கத் தொடங்கியது. "சேர், மீனுக்கு வருத்தமா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். வருத்தம் இல்லை. இந்த இனத்தில் ஆட்சி பிடிக்கும் ஆண் மீன் மஞ்சள் நிறத்தை விட்டுக் கறுப்பாக மாறும். கோட்டையைப் பிடித்துக்கொண்டு மற்ற நாலையும் துரத்தித் துரத்திக் கடித்தது. ஒவ்வொன்றாகச் செட்டை கிழிந்து, தண்ணீர் மட்டத்தில் மூலையில் ஒதுங்கி, செத்துப் போயின. நாலாவது மீனைக் காகிதத்தில் சுற்றும்போது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மகன் கேட்டான்: "சேர், அது ஓடி ஒளியிறதுக்கு ஒரு இடமும் இல்லையே, நாங்கதானே அடைச்சு வெச்சம்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் எல்லோரும் சின்ன வயதில் படித்ததுதான். அடைத்து வைத்தால் அது அமானிதம். மீனுக்கு முதல் மீனின் ஊரைப் படித்திருக்க வேண்டும். தொட்டியை வாங்கிய பிறகு படித்தோம்.

இந்த மீன்களின் ஊர் கிழக்கு ஆபிரிக்காவின் மலாவி ஏரி. ஏறத்தாழ 580 கிலோமீற்றர் நீளம். இவை வாழ்வது கரையோரப் பாறைகளுக்கிடையில். பாறை இடுக்குத்தான் அவற்றின் வீடும் எல்லையும். அங்கே தோற்ற மீன் அடுத்த பாறைக்கு ஓடிவிடும். எங்கள் தொட்டியில் அடுத்த பாறை இருக்கவில்லை. சண்டை அதன் குணம், சாவு எங்கள் பிழை.

இரண்டாவது முறை இப்படிச் செய்தோம். தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

தொட்டி: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 250 லீற்றர் பிடிக்கும். கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் 300 கிலோவுக்கு மேல் பாரம். அதனால் இரும்பு ஸ்டேண்ட் அடித்து, மட்டம் பார்த்து, மேலே ரெஜிபோம் விரித்து வைத்தோம்.

கல்: வீட்டு வேலையில் மிஞ்சிய கருங்கல்லைக் கழுவி எடுத்தோம். அடியிலும் ரெஜிபோம் துண்டு போட்டு, முதலில் கல்லை அடுக்கி, அதன் பிறகுதான் மணல் போட வேண்டும். இவை மணலைத் தோண்டும். மணலுக்கு மேல் கல் வைத்தால் சரிந்து கண்ணாடி உடையும். தொட்டியின் ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதபடி மூன்று குவியல்கள் வைத்தோம். கண்ணில் படாத மீனை யாரும் துரத்துவதில்லை.

தண்ணீர்: இவற்றுக்குக் கடினத் தண்ணீர் வேண்டும், பீஎச் எட்டுக்குக் கிட்ட. கேத்தலில் வெள்ளை படியும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் நன்றாகப் பொருந்தியது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைக்க வேண்டும். ஒரு பிள்ளையின் வாப்பா முருகைக்கல் கொண்டு வந்து தருவதாக அன்போடு சொன்னார். வேண்டாம் என்றோம். முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு முன்னால் இருக்கும் புறாமலை 2003இல் தேசியப் பூங்காவானதே அந்த முருகைக்கல்லைக் காக்கத்தான். பதிலாகச் சிப்பி ஓடுகளைக் கழுவி வலைப் பையில் போட்டு வைத்தோம்.

பொறுமை: மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியா பில்டரில் வளர வேண்டும். பழைய ஸ்பொஞ்சைப் புதிய தண்ணீரில் பிழிந்து விட்டும் ஐந்து வாரம் மீன் விடாமல் காத்திருந்தோம். பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது. 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போன காலம் நினைவிருந்ததால் பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்றும் வாங்கி வைத்தோம்.

மீன்: சாந்தமான மஞ்சள் லாப் குஞ்சுகள் பன்னிரண்டை முதலில் விட்டோம். கறுப்பனைக் கடைசியில் சேர்த்தோம். அன்று கல்லெல்லாவற்றையும் இடம் மாற்றி, லைட்டை அணைத்து, ஒரு வாரம் வலைத் தடுப்புக்குப் பின்னால் வைத்தோம். இப்போதும் அவன் ஒரு குகையைப் பிடித்துக்கொண்டு கிட்ட வருபவர்களைத் துரத்துகிறான். துரத்தப்பட்டது கல்லுக்குப் பின்னால் போய்விடும். அவனும் திரும்பி விடுவான். செட்டை கிழிந்த மீன் உண்டு, அல்ஹம்துலில்லாஹ் செத்த மீன் இல்லை.

சாப்பாடு: கறுப்பனின் இனம் பாறையில் பாசி மேய்வது. இறைச்சி, புழு கொடுத்தால் வயிறு வீங்கிச் சாகும். ஸ்பிருலினா உருண்டையும் அவித்த பசளிக் கீரையும் போதும். கிழமைக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறோம்.

போன மாதம் ஒரு பெண் மீன் தின்னாமல் வாயை மூடியபடியே திரிந்தது. மூன்று வாரமளவில் அதன் வாயிலிருந்து குஞ்சுகள் வந்தபோது வகுப்பே எழும்பி நின்றது. முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துத்தான் அது வளர்க்கிறது.

குஞ்சு கூடினால் குளத்தில் விடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் ஆபிரிக்கச் சிக்லிட்தான். வற்றும் குளக்கரையில் வட்ட வட்டமாகத் தெரியும் குழிகள் அதன் ஆண் மீன் பிடித்த எல்லைகள். அது நமக்குச் சோறு போட்டது உண்மை. ஆனால் ஒருமுறை விட்டதைத் திரும்பப் பிடித்தெடுக்க முடியாது என்பதற்கும் அதுவே சாட்சி. எங்கள் குஞ்சுகளைப் பெரிய தொட்டியும் கல்லும் வைத்திருக்கும் வீடுகளுக்கு மட்டும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

பார்க்க விரும்பும் பெற்றோர் பாடசாலை விட்ட பிறகு வரலாம். அன்று கேள்வி கேட்ட அந்த மகன்தான் இப்போது தொட்டிக்குப் பொறுப்பு. காலையில் வந்ததும் மீன்களை எண்ணிக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் கதிரையில் இருப்பான்.